தோற்றுப்போன மந்திரவாதிகள்

மயில்ராவணனை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர்கள் தோல்பாவைக் கூத்துக்காரர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் இருந்த எங்கள் ஊருக்கு, அறுவடை முடிந்த கையோடு அவர்கள் வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூடத்துப் பொட்டலில் பனையோலைத் தட்டியால் ஒரு கூடாரம் எழும்பும். முகப்பில் வெள்ளை வேட்டியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். பின்னால் விளக்கு. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, சாயம் ஏற்றிய பாவைகளை விளக்குக்கும் துணிக்கும் நடுவில் பிடிப்பார்கள். தோலை ஊடுருவி வரும் வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் துணியில் ஈரமாகத் தெரியும். ராமனுக்கும் சீதைக்கும் அனுமனுக்கும், நடுநடுவே சிரிக்க வைக்கிற உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் ஒரே ஆளுடையது. ராமாயணம் பல இரவுகள் நடக்கும். பட்டாபிஷேகத்தன்று சேர்கிற கூட்டத்துக்குச் சற்றும் குறையாமல் மயில்ராவணன் இரவுக்கும் கூட்டம் சேரும்.

கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போரில் தோற்றுக்கொண்டே வரும் ராவணன், பாதாளத்தில் இருக்கும் மயில்ராவணனை உதவிக்குக் கூப்பிடுகிறான். அவன் மாயம் கற்றவன். ராமனும் லட்சுமணனும் தூங்கும் இடத்தைச் சுற்றி அனுமன் தன் வாலையே கோட்டையாக வளர்த்துக் காவல் இருக்கிறான். மயில்ராவணன் விபீஷணன் உருவில் வந்து நிற்கிறான். அனுமன் நம்பி வழிவிடுகிறான். உள்ளே போனவன் சகோதரர் இருவரையும் மயக்கி, பெட்டியில் வைத்துப் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடுகிறான். பெட்டியோடு அந்தப் பாவை துணியின் ஓரமாக நழுவி இறங்கும்போது கைக்குழந்தைகள்கூட அழாது. பிறகு அனுமன் பாதாளத்துக்குப் போகிறான். வாசலில் காவல் நிற்கும் மச்சவல்லபனோடு மோதி, அவன் தன் மகன் என்று அறிகிறான். மயில்ராவணனை எத்தனை முறை வீழ்த்தினாலும் எழுந்து வருகிறான். அவன் உயிர் வண்டுகளாக ஓரிடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்து, அனுமன் வண்டுகளை நசுக்கிய பிறகுதான் விழுகிறான்.

அந்த வயதில் எனக்கு ஒன்று பிடிபடவில்லை. மயில்ராவணன் போலி ஆசாமி இல்லை. அவன் மந்திரம் பலித்தது, அனுமனையே ஏமாற்றியது, ராமனையே தூங்க வைத்தது. அப்படிப்பட்டவன் ஏன் தோற்க வேண்டும்? அப்பத்தாவிடம் கேட்டேன். "மந்திரம் படிச்சான் அப்பு, சரி. அதை வச்சு என்ன செய்யக்கூடாதுன்னு படிக்கலையே" என்றாள். கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தே போய்வந்த மனுஷி அவள். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனால் மந்திரவாதிக் கதைகளை எப்படிக் கேட்க வேண்டும் என்று முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் தமிழய்யா கம்பனின் மாயாசனகப் படலத்தைக் கதையாகச் சொன்னார். சீதையை மசிய வைக்க ராவணன் ஒரு சூழ்ச்சி செய்கிறான். மருத்தன் என்ற அரக்கனைச் சனகனின் உருவம் எடுக்கச் செய்து, கட்டி இழுத்துவந்ததுபோல் அவள் முன்னால் நிறுத்துகிறான். உருவம் அச்சு அசல். பெற்ற தகப்பன் சிறைப்பட்டு நிற்பதாக நம்பிச் சீதை கதறுகிறாள். ஆனால் அந்த உருவம் வாயைத் திறந்து, ராவணனுக்கு இணங்கிவிடு என்று சொன்னதும் அவள் அழுகை கோபமாகிறது. மாயம் முகத்தைக் கொண்டுவந்துவிட்டது, சனகனின் நெஞ்சைக் கொண்டுவர முடியவில்லை என்றார் தமிழய்யா. ஜன்னலுக்கு வெளியே கடல். அதற்கு அந்தப் பக்கம் இலங்கை. ராமேஸ்வரம் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ராமாயணம் எங்கோ நடந்த கதையாகப் படாது. மந்திரம் தோற்ற இடம் கூப்பிடு தூரத்தில் இருப்பதாகவே நாங்கள் நம்பினோம்.

எங்கள் கடலுக்கும் மந்திரவாதிகள் இருந்தார்கள். என் தாத்தா சங்கு குளித்தவர். அப்பா என்ற பெயருடைய தீவுக்கு அப்பால் வள்ளத்தை நிறுத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் அடிக்குப் போய், மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்து, கழுத்தில் தொங்கும் வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். காதில் ரத்தம் வந்தால்தான் தொழில் கற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பார். அவருடைய முன்னோர் காலத்தில் சங்குக்கும் முத்துக்கும் இறங்கும் முன் கடல்கட்டி வர வேண்டும். கடல்கட்டி என்றால் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கரையில் இருந்து ஜெபித்தால்தான் குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள்.

இது தாத்தாவின் கற்பனை இல்லை என்பது நான் வளர்ந்து படித்தபோது தெரிந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் என்று தான் குறிப்பிடும் இந்தக் கரையின் கடலில் முத்துக் குளிப்பதைப் பற்றி எழுதும்போது இவர்களையும் எழுதியிருக்கிறார். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டும் மந்திரக்காரருக்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் அவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள் என்கிறார் அவர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் ஆங்கில அரசின் காலனியச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், மன்னார் வளைகுடாவின் அக்கரையில் முத்துக்குளிப்பைப் பார்க்கப் போனார். கடல்கட்டிக்கு அன்று உடம்பு சரியில்லை. அவர் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. ஆனாலும் பெரியவரின் சார்பில் தான் வந்து நின்றாலே சுறாக்கள் மதிக்கும் என்று டென்னன்டிடம் அவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். இதை டென்னன்ட் தன் 'சிலோன்' நூலில் பதிவு செய்திருக்கிறார்.

தாத்தாவிடம் கேட்டேன்: "கடல்கட்டி இருந்தும் சுறா கடிச்சா?" அவர் உடனே பதில் சொன்னார்: "குளிச்சவன் மேல ஏதோ குத்தம்னு சொல்லிருவாக." பிறகு தன் நம்பிக்கையைச் சொன்னார். கடலில் இறங்குகிறவன் நம்ப வேண்டியது மேலே கயிறு பிடிக்கிறவனை. கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால், அந்த நொடியில் தூக்க வேண்டும். அதனால் கயிறு பிடிக்க எப்போதும் மச்சினனைத்தான் வைத்துக்கொள்வார்களாம். அக்காள் தாலி அறுந்துவிடக் கூடாது என்ற பயம் அவனுக்குத்தான் இருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்து, ரயிலைப் பயணிகளோடு கடலுக்குள் இழுத்துக்கொண்ட கதையையும் தாத்தாதான் சொன்னார். "கடலைக் கட்ட எவனும் பொறக்கல" என்று முடித்தார்.

கீழக்கரையிலிருந்து என்னோடு படித்த கூட்டாளி ஒருவன் இருந்தான். நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுக்குப் போனால் அவனுடைய உம்மம்மா எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து சுலைமான் நபியின் கதைகளைச் சொல்வார். ஜின்களை வேலை வாங்கும் ஆற்றலை இறைவன் அவருக்குக் கொடுத்திருந்தான். ஜின்கள் அவருக்காகக் கட்டடம் எழுப்பின, கடலில் முழுகின. ஒரு நாள் தன் கைத்தடியை ஊன்றி நின்றபடியே நபிக்கு மரணம் நேர்ந்தது. ஜின்களுக்குத் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தன. கரையான் தடியை அரித்து, அவர் உடல் சாய்ந்த பிறகுதான் அவற்றுக்கு விஷயம் விளங்கியது. குர்ஆனில் உள்ள இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு, "மறைவானது ஜின்னுக்கும் தெரியாது வாப்பா. தெரியும்னு சொல்றவனை நம்பாதே" என்பார் அந்த அம்மா. மலையைப் பெயர்க்கும் சக்தி இருந்தும் கண்ணெதிரே நின்றவர் இறந்ததை அறியவில்லை. ஒரு சின்னக் கரையான் அறிவித்தது. அப்பத்தா சொன்னதும் உம்மம்மா சொன்னதும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

ஆயிரத்தொரு இரவுகளில் வரும் மீனவனின் கதையையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அவன் வலை வீசுகிறான். முதலில் செத்த கழுதை வருகிறது. அடுத்து சேறு நிறைந்த சாடி. அடுத்து ஓட்டாஞ்சில்லும் கண்ணாடித் துண்டும். கடைசியாக, சுலைமான் நபியின் முத்திரை போட்ட பித்தளைக் குடம். மூடியைத் திறந்தால் புகையாகக் கிளம்பி பூதம் நிற்கிறது. விடுவித்தவனையே கொல்லப்போவதாகச் சொல்கிறது. இவ்வளவு பெரிய உருவம் இந்தக் குடத்துக்குள் எப்படி இருந்தது, நான் நம்பமாட்டேன் என்கிறான் மீனவன். பூதம் நிரூபித்துக் காட்ட உள்ளே போகிறது. அவன் மூடியைப் போட்டுவிடுகிறான். கரைவலை இழுக்கிற ஊரில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. மீன் வர வேண்டிய மடியில் பாசியும் உடைந்த சட்டியும் வருகிற காலைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். நூற்றாண்டுக் கணக்கில் அடைந்து கிடந்த பூதத்தை வெறுங்கையோடு நின்ற ஒரு மீன்பிடிக்காரன் வென்றான் என்பது எங்களுக்குப் பெரிய பெருமை.

இந்தக் குடத்துப் பூதம்தான் பிறகு உலகம் சுற்றியது. 1900இல் எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கில எழுத்தாளர் பித்தளைக் குடுவையை வைத்து ஒரு நாவல் எழுதினார். லண்டனில் வேலை கிடைக்காமல் தவிக்கும் இளம் கட்டடக் கலைஞன் ஒருவன் குடுவையை வாங்கித் திறக்கிறான். வெளியே வரும் ஜின் நன்றிக்கடன் தீர்க்கத் துடிக்கிறது. அவன் குடியிருக்கும் தெருவில் ஒட்டகங்கள் பொதி சுமந்து வந்து நிற்கின்றன. வாடகை அறைகள் அரபு மாளிகையாகின்றன. அவன் பெண் கேட்கப் போகும் வீட்டுப் பேராசிரியர் கோவேறு கழுதையாகிவிடுகிறார். ஜின்னிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சக்திக்கும் குறைவில்லை. ஆனால் யாருக்கு உதவுகிறதோ அவனிடம் உனக்கு என்ன வேண்டும் என்று அது கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு வரமும் அவன் தலையில் இடியாக இறங்குகிறது. 1964இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. அந்தப் பாதிப்பில் 1967இல் தமிழுக்கு வந்தது எம். வி. ராமன் இயக்கிய 'பட்டணத்தில் பூதம்'.

அந்தப் படம் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்துசேரப் பல வருஷம் ஆனது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தோம். ஜெய்சங்கரும் நாகேஷும் திரையில் வந்தபோது கிளம்பிய விசிலைவிட ஜாவர் சீதாராமன் பூதமாக வந்தபோது கிளம்பிய விசில் பெரியது. பழைய காலத்து சக்தியோடு புதிய காலத்துப் பட்டணத்தில் வந்து மாட்டிக்கொண்ட ஜீவன் அது. கூடைப்பந்து ஆட்டத்தில் அது புகுந்து விளையாடுகிற காட்சிக்குக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எங்களில் யாரும் கூடைப்பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் ஊரில் எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் அந்தப் படத்து ஜீபூம்பாதான். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்றுவரை மந்திரச் சொல் அதுதான். 2000களில் சன் டிவியில் 'மை டியர் பூதம்' வந்தபோது என் பிள்ளைகள் குட்டிப் பூதம் மூசாவைப் பார்த்து அதே உற்சாகத்தோடு கத்தினார்கள். குழந்தைகளுக்குத் தப்பே செய்யாத பூதம் பிடிப்பதில்லை. ஆசையாக ஒன்று செய்யப்போய் வேறொன்றில் முடிகிற பூதத்தைத்தான் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் கல்லூரிக்கு வந்த பிறகு நூலகத்தில் சூனியக்காரனின் சீடனைப் படித்தேன். குரு வெளியே போயிருக்கிறார். தண்ணீர் சுமக்க அலுத்துப்போன சீடன், குருவிடம் ஒட்டுக்கேட்ட மந்திரத்தைச் சொல்லி விளக்குமாற்றைத் தண்ணீர் சுமக்க வைக்கிறான். அது சுமக்கிறது. தொட்டி நிரம்புகிறது, வீடு நிரம்புகிறது. நிறுத்தும் மந்திரம் அவனுக்குத் தெரியாது. கோடரியால் இரண்டாகப் பிளக்கிறான். இரண்டு துண்டும் எழுந்து இரண்டு மடங்கு தண்ணீர் கொண்டுவருகின்றன. ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1797இல் இதைப் பாட்டாக எழுதினார். 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்தில் மிக்கி மவுஸ் சீடனாக நடித்தது. மூலக்கதை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லூசியன் கிரேக்கத்தில் எழுதியது. அதில் தண்ணீர் சுமப்பது உலக்கை.

தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்களைப் பயமுறுத்துகிற ஜில்லா எங்களுடையது. கடலோரத்தில் மணலைத் தோண்டி, ஊற்றில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள் என் அம்மா. ஒரு குடம் நிறைய ஒரு பொழுதாகும். இரண்டாவது குடத்துக்குள் ஊற்று உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும். சீடனின் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த விளக்குமாத்த இங்க அனுப்பச் சொல்லுப்பா" என்று முதலில் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தொடங்குறது எல்லாருக்கும் தெரியுது. எப்ப நிறுத்தணும்னுதான் தெரியல" என்றாள். ஊற்றைத் தோண்டும்போது இதற்குமேல் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்று கை நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அது அவளுக்குத் தெரியும். அந்தச் சீடனுக்குத் தெரியாதது அதுதான்.

நம் நாட்டுக் கதைகளிலும் இது நெடுகக் கிடக்கிறது. பஞ்சதந்திரத்தில் படித்த மூவர், வித்தையைக் காட்டுவதற்காகச் செத்த சிங்கத்தின் எலும்புகளைச் சேர்த்து, தசை கொடுத்து, உயிரும் கொடுக்கிறார்கள். வித்தை பலிக்கிறது. சிங்கம் மூவரையும் அடித்துப் போடுகிறது. படிக்காத நான்காமவன் மட்டும் முன்கூட்டியே மரத்தில் ஏறிக்கொள்கிறான். விக்கிரமாதித்தன் கதையில் அரசனைப் பலியிட்டு ஆற்றல் பெற நினைத்த சந்நியாசி, எப்படி விழுந்து வணங்குவது என்று காட்டப்போய்த் தானே பலியாகிறான். 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் நான் வேதாளக் கதைகளை வாசித்தேன். முருங்கை மரத்திலிருந்து இறக்கிய உடலைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கர், 2020இல் காலமானார். அவர் கோட்டில் வந்த மந்திரவாதிகளின் தாடியும் நகமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அம்புலிமாமாவை நடத்திய நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 1951இல் 'பாதாள பைரவி'யைத் தயாரித்தார்கள். எஸ். வி. ரங்காராவ் நடித்த நேபாள மாந்திரீகன், வீரன் ஒருவனைப் பலிகொடுத்து பைரவியின் அருளைப் பெற நினைக்கிறான். பலிபீடத்தில் அவன் தலைதான் உருள்கிறது. பத்திரிகையில் வந்த அதே நீதி திரையிலும் வந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அதே ஊருக்கு, பஸ்ஸில் வந்து இறங்கும் மந்திரவாதியும் ஒருவர் இருந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டு மதினி பிள்ளை பெற்ற சில வாரங்களில் பேச்சை நிறுத்திவிட்டார். தூக்கம் இல்லை. பிள்ளை அழுதால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு ராத்திரி எழுந்து கடலைப் பார்த்து நடந்தவரை ஆட்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். காற்றுக் கருப்பு என்றது ஊர். மந்திரவாதி வந்தார். கறுப்புச் சேவல், எலுமிச்சம்பழம், பூசணிக்காய், செப்புத் தகடு என்று பட்டியல் போட்டார். வேப்பங்குழையால் அடித்தார். சரியாகவில்லை. சடங்கு முடியும் முன் யாரோ வாசலைத் தாண்டிவிட்டார்கள் என்றார். அடுத்த அமாவாசைக்கு மறுபடி வந்தார். சரியாகவில்லை. வீட்டில் தீட்டு என்றார். மூன்றாவது தடவை, செய்வினை வைத்தவன் பெரிய கை, செலவு கூடும் என்றார். அந்த அண்ணன் வலையை விற்றார். அப்போதும் சரியாகவில்லை. மதினிதான் மனசு வைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் மந்திரவாதி.

கடைசியில், தடுப்பூசி போட வந்த கிராம நர்ஸ் ஒருவர் பார்த்துவிட்டு, பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வருகிற மனநோய் இது, மருந்து இருக்கிறது என்று சொல்லி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மருந்து தொடங்கியது. அடுத்த அறுவடைக்குள் மதினி திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினார். அந்தப் பிள்ளைக்கு இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயது.

அந்த மாதங்களில்தான் எனக்குக் கதையின் மந்திரவாதிக்கும் ஊரின் மந்திரவாதிக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. கதையில் மந்திரம் நிஜம். இருந்தும் அது தவறுகிறது. தவறியதை எல்லோரும் பார்க்கிறார்கள். மயில்ராவணன் விழுகிறான், சீடன் வெள்ளத்தில் நிற்கிறான், பூதம் விழிக்கிறது. ஊரில் மந்திரம் நிஜம் இல்லை. இருந்தும் அது ஒரு தடவைகூடத் தவறியதாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சுறா கடித்தால் குளித்தவன் குற்றம். நோய் தீராவிட்டால் நோயாளி குற்றம். தன் தவறைக் காட்டுகிறவனிடம் நாம் எதையாவது கற்றுக்கொள்ளலாம். தவறே செய்யாதவனாக நிற்கிறவனிடம் பணத்தையும் காலத்தையும் இழக்கத்தான் முடியும்.

அந்த இழப்பு உயிரிழப்பாகவும் ஆகும் என்று 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்குப் பிரார்த்தனைக்காக வருகிறவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டிலும் அங்கே போய் விளக்கேற்றியிருக்கிறார்கள். துன்பப்பட்டவர்களுக்கு அந்த வாசல் தந்த ஆறுதலும் உண்மை. ஆனால் நோயாளியைச் சங்கிலியில் போட்டு, மருந்து கொடுக்காமல், குணமாகும் என்று காத்திருக்கச் சொன்னது பிரார்த்தனை ஆகாது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. பிரார்த்தனையோடு மருந்தும் தருகிற 'தவா–துவா' என்ற ஏற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. துவா செய்கிறவருக்கும் மாத்திரை தருகிற மருத்துவருக்கும் சண்டை இல்லை என்று எங்கள் பக்கத்து மக்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு 28 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

மந்திரவாதிக் கதை சொன்னால் பிள்ளைகள் மூடநம்பிக்கையோடு வளர்ந்துவிடுவார்கள் என்று படித்த பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர் எதிரானது. மயில்ராவணன் விழுந்ததைப் பார்த்த பிள்ளைக்கு, எந்த சக்திக்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிந்துவிடுகிறது. நிறுத்தத் தெரியாத சீடனை அறிந்த பிள்ளை, யாராவது ஒரு சக்தியைப் பற்றிப் பேசினால், தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். மந்திரவாதிக்கும் தலைவருக்கும் நேற்று வந்த இயந்திரத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். அதைக் கேட்க எனக்குக் கற்றுத்தந்தவர்கள் பள்ளிக்கூடம் போகாத ஓர் அப்பத்தாவும், கீழக்கரைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் உம்மம்மாவும்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் பேரன் பேத்திகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். மந்திரம் பலித்த பகுதியோடு நிறுத்திவிடாமல், அது தவறிய பகுதியையும் முழுதாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது தூக்கம் கெட்டு, பேச்சு நின்று, தனக்குள் ஒடுங்கினால், கறுப்புச் சேவல் தேடாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போக முடியாத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.